கடலாண்ட ஊர்வனவற்றின் கதை



இலக்கியத் தொடரிலே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும், "தமிழ் வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?" என்று உங்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கவிதையும் காவியமும் பேசவேண்டிய இடத்திலே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் கடலில் வாழ்ந்து மறைந்த ஊர்வனவற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்குக் காரணம் ஒரு சொல். அந்தச் சொல்லினால் எனக்கு நேர்ந்த ஒரு வெட்கம்.

சென்ற தவணையில் தரம் பத்து மாணவர்க்கு, 'திமிங்கிலம்' என்ற சொல்லின் பிறப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். 'திமி' என்பது ஒரு பெருமீன். அதனை விழுங்குவது திமிங்கிலம். அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம். வடமொழி வழியாக வந்த இச்சொற்கள் அகராதிகளிலே இடம் பெற்றுள்ளன. கடைசிச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்புச் சிரித்தது. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய தந்தையார் கடற்றொழில் செய்பவர்.

"சேர், அப்பிடி ஒண்டு உண்மையிலை கடலிலை இருந்ததோ?"

"இல்லைத் தம்பி. அது புலவர்களுடைய கற்பனை. தன்னளவு பெரியதைப் பிடித்து விழுங்குகிற பிராணி எங்கே இருக்கிறது?" என்று சொல்லி அவனை உட்காரவைத்தேன்.

அன்று இடைவேளையின்போது ஆசிரியர் அறையிலே இதனை வேடிக்கையாகச் சொன்னேன். விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் சிரிக்கவில்லை. "மாஸ்டர், நீங்கள் பிழையாய்ச் சொல்லிப்போட்டியள்" என்றார். சீனாவின் குயிசோ மாகாணத்திலே கிடைத்த ஓர் உயிர்ச்சுவட்டைப் பற்றி 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வை அவர் எடுத்துக் கூறினார். ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த, ஐந்து மீற்றர் நீளமான ஒரு கடல் ஊர்வனவின் வயிற்றிலே இன்னொரு கடல் ஊர்வனவின் நடுவுடல் அப்படியே இருந்ததாம். உயிரோடிருந்தபோது அவ்விரையின் நீளம் ஏறத்தாழ நான்கு மீற்றர்! திமிங்கிலகிலம் கல்லாய்க் கிடந்திருக்கிறது. நான் அதனைக் கற்பனை என்று தள்ளிவிட்டேன்.

மறுநாள் வகுப்பிலே என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அந்த மாணவன் மகிழ்ந்தான், ஆனால் விடவில்லை. "அப்ப ஏன் சேர் அதெல்லாம் அழிஞ்சு போச்சு? பெலன் கூடினதெல்லோ தப்பவேணும்?" என்றான். அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. ஒரு தவணை முழுதும் தேடிப் படித்து, நண்பரையும் தொல்லைப்படுத்தி நான் தேடிக்கொண்ட விடையே இன்றைய பேச்சு.

கரையை விட்டுக் கடலுக்கு

உயிர்கள் கடலிலே தோன்றிப் பின்னர் நிலத்துக்கு ஏறின என்பது நாமெல்லாம் பாடசாலையிலே படித்தது. ஏறியவற்றுட் சில மீண்டும் இறங்கின என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. நுரையீரலும் நான்கு கால்களும் கொண்ட ஊர்வன, மூதாதையர் விட்டுவந்த நீருக்கே திரும்பின. அதுவும் ஒருமுறையன்று, பல்வேறு குலங்கள் வெவ்வேறு காலங்களிலே திரும்பின.

அவ்வாறு இறங்கிய மிகப் பழையவற்றுள் ஒன்று மெசோசோரசு. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த சிறிய பிராணி. இதன் எலும்புகள் தென்னமெரிக்காவிலும் ஆபிரிக்காவின் தெற்கிலும் மட்டுமே கிடைக்கின்றன. இச்சிறு பிராணி அத்திலாந்திக் சமுத்திரத்தை நீந்திக் கடந்திருக்க முடியாது. அல்பிரட் வெகனர் 1912 இல் முன்வைத்த கண்டப்பெயர்ச்சிக் கொள்கைக்கு வலுச்சேர்த்த சான்றுகளுள் இதுவும் ஒன்று. பிராணி கடலைக் கடக்கவில்லை. இரு கண்டங்களும் ஒன்றாயிருந்து பின்னர் பிரிந்தன.

ஆயினும் ஊர்வன கடலைத் தமதாக்கிக்கொண்ட காலம் இதற்குப் பிற்பட்டது. அது ஒரு பேரழிவின் பின்னர் தொடங்குகிறது. 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய சைபீரியப் பகுதியிலே எரிமலைக் குழம்பு பெருநிலப்பரப்பை மூடிப் பாய்ந்தது. மேலெழுந்த குழம்பு நிலக்கரிப் படைகளையும் சுண்ணாம்புப் படைகளையும் சுட்டது. காபனீரொட்சைட்டு வளிமண்டலத்திலே பெருகிற்று. பூமி சூடேறியது, கடல்நீர் அமிலத்தன்மை அடைந்தது, வெப்பமான நீரிலே ஒட்சிசன் குறைந்தது. கடல்வாழ் இனங்களிலே பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை அழிந்தன. பூமியின் வரலாற்றிலே இதைவிடப் பெரிய அழிவு வேறொன்றில்லை.

கடல் வெறுமையாயிற்று. அந்த வெறுமையே ஊர்வனவற்றுக்கு வாய்ப்பாயிற்று. ஆர்க்டிக் வட்டத்துக்குள் உள்ள ஸ்பிட்ஸ்பேர்கன் தீவிலே கிடைத்து 2023 இல் அறிவிக்கப்பட்ட முள்ளெலும்புகள், பேரழிவுக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் ஆண்டுகளின் பின்னரே இக்தியோசோர் எனப்படும் 'மீன்பல்லி' இனம் கடலில் இருந்ததைக் காட்டுகின்றன. சீனாவின் சாவோகு என்னுமிடத்திலே 24 கோடியே 80 இலட்சம் ஆண்டுப் பழைமையான படைகளில் இவற்றின் ஆரம்ப உறவினர் கிடைத்துள்ளனர். அவற்றுள் ஒன்று நாற்பது சென்ரிமீற்றர் நீளமே உடையது. கடல்நாயைப்போலத் துடுப்புக் கால்களால் கரையிலும் உந்தி ஊர்ந்திருக்கக்கூடியது.

கடலுக்குச் சென்ற ஊர்வன இரண்டு பெருஞ் சிக்கல்களை எதிர்கொண்டன. ஒன்று மூச்சு. மீனுக்குப் பூக்கள் உண்டு. இவற்றுக்கு நுரையீரல் மட்டுமே. எத்தனை கோடி ஆண்டுகள் கடலில் வாழ்ந்தபோதும் இவை பூக்களை மீளப் பெறவில்லை. ஆழத்திற் சுழியோடிய மாபெரும் வேட்டைப் பிராணியும் மூச்செடுக்க மேலே வந்தேயாக வேண்டும். நேயர்களே, இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவிலே இதற்குத் திரும்புவேன்.

மற்றது முட்டை. ஊர்வனவற்றின் முட்டை நீரில் அமிழ்ந்தால் உள்ளிருக்கும் குஞ்சு மூச்சுமுட்டி இறந்துவிடும். ஆகவே கரைக்கு வந்து முட்டையிடவேண்டும்; அல்லது குட்டி ஈனவேண்டும். இக்தியோசோர்கள் குட்டி ஈன்றன. சாவோகுவிலே கிடைத்து 2014 இல் விளக்கப்பட்ட ஓர் உயிர்ச்சுவட்டிலே தாயும் மூன்று குட்டிகளும் உள்ளன. ஒன்று தாயின் வயிற்றுள், ஒன்று பாதி வெளியே, ஒன்று வெளியே. பிறந்துகொண்டிருந்த குட்டியின் தலை முதலில் வெளிவந்திருக்கிறது. நீரில் ஈனும் திமிங்கிலங்களுக்குப் பெரும்பாலும் வால்தான் முதலில் வரும். தலை முந்துவது நிலத்துப் பிராணிகளின் வழக்கம். எனவே, குட்டி ஈனும் இயல்பு நிலத்திலேயே தோன்றிவிட்டது என ஆய்வாளர் முடிவு செய்தனர். கடல் வாழ்வுக்கு இன்றியமையாத அந்தப் பண்பு கரையிலே, வேறொரு தேவைக்காகத் தோன்றியது. பின்னர் கடலிலே கைகொடுத்தது.

இவ்வாறு இறங்கியவை விரைவிலேயே பெருத்தன. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே கிடைத்து 2021 இல் பெயரிடப்பட்ட ஓர் இக்தியோசோர், 24 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தது. அதன் தலை மட்டுமே ஏறத்தாழ இரண்டு மீற்றர். உடல் பதினேழு மீற்றர் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

லைம் ரெஜிஸ் சிறுமி

இவற்றையெல்லாம் உலகுக்கு முதலில் அறியத் தந்தவர் யார் என்று பார்த்தால், ஓர் ஏழைச் சிறுமியின் முகம் தெரிகிறது. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரெஜிஸ் என்ற ஊரிலே 1799 இல் பிறந்தவர் மேரி அனிங். தந்தையார் தச்சர். கடலோரச் சரிவுகளிலே சிப்பிக் கற்களைப் பொறுக்கி, உல்லாசப் பயணிகளுக்கு விற்று வீட்டுச் செலவைச் சமாளித்தவர். அவர் 1810 இல் கடனை விட்டுவிட்டு இறந்தார். மறு ஆண்டு மேரியின் தமையன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். 1812 இல் அதன் உடலைக் கண்டுபிடித்தவர் மேரி; அப்போது வயது பன்னிரண்டோ பதின்மூன்றோதான். அது இக்தியோசோர்.

1823 இல் அவர் வேறொரு விந்தையை வெளிக்கொணர்ந்தார். சிறிய தலை, மிக நீண்ட கழுத்து, அகன்ற உடல், நான்கு துடுப்புகள். இதுவே முழுமையாகக் கிடைத்த முதலாவது பிளீசியோசோர். ஐரோப்பாவின் புகழ்பெற்ற பிரெஞ்சு உடற்கூற்றறிஞர் குவியே, படத்தைப் பார்த்து இது போலியோ என ஐயுற்றார். பின்னர் உண்மை என ஏற்றுக்கொண்டார். 1824 இல் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்திலே இது பற்றி உரையாற்றியவர் வில்லியம் கொனிபியர். கண்டுபிடித்த பெண்ணின் பெயர் அவ்வுரையிலே சொல்லப்படவில்லை. அச்சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919 இலேதான். மேரி 1847 இலேயே இறந்துவிட்டார்.

அக்காலத்திலே, படைக்கப்பட்ட ஓர் இனம் முற்றாக அழிந்துபோகும் என்பதைப் பலர் ஏற்கத் தயங்கினர். உலகின் ஏதோவொரு மூலையில் அது வாழ்ந்துகொண்டிருக்கும் என்றே நம்பினர். கழுத்து நீண்ட பிளீசியோசோரைக் கண்டபின் அந்த நம்பிக்கை தளர்ந்தது. இத்தகைய பிராணி எந்தக் கடலிலும் எந்த மாலுமியின் கண்ணிலும் பட்டதில்லையல்லவா?

இத்தகைய கண்டுபிடிப்புகள் இன்னும் ஓயவில்லை. 2020 இல் இங்கிலாந்தின் சமசெற் கரையிலே பதினொரு வயதுச் சிறுமியொருத்தியும் தந்தையாரும் ஒரு தாடையெலும்பின் துண்டுகளைக் கண்டெடுத்தனர். 2024 இல் அது ஒரு புதிய இக்தியோசோர் எனப் பெயரிடப்பட்டது. வாழ்ந்த காலம் 20 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். கணிக்கப்பட்ட நீளம் இருபத்தைந்து மீற்றர்.

கூர்ப்பும் கழிவும்

இவ்விடத்திலே தமிழாசிரியனாக ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழகத்தார் 'பரிணாமம்' என்று வழங்குவதை எங்கள் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்கின்றன. தொல்காப்பியத்து உரியியலிலே இச்சொல் 'கழிவு' என்னும் சொல்லோடு ஒருங்கே நிற்கிறது. அங்கே இரண்டுமே உள்ளதன் மிகுதியைக் குறிப்பன. இன்றோ கழிவு என்பது நீங்கிப்போதலைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இந்த இன்றைய பொருளிலே இரண்டையும் சேர்த்து நினைத்தால், கடல் ஊர்வனவற்றின் சரித்திரம் முழுவதும் இந்த இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. கூர்ப்பு மட்டும் தனியே நடப்பதில்லை. அதன் பின்னால் கழிவும் வருகிறது.

முதலாவது பெருங்கழிவு 20 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் நேர்ந்தது. ஒன்றாயிருந்த பெருங்கண்டம் பிளந்து, அத்திலாந்திக் திறக்கத் தொடங்கிய காலம் அது. பிளவிலே எரிமலைகள் பொங்கின. மீண்டும் காபனீரொட்சைட்டு, மீண்டும் வெப்பம், மீண்டும் அமிலமான கடல். கரையோர ஆழமற்ற நீரை நம்பி, சிப்பிகளைப் பல்லால் நொறுக்கித் தின்று வாழ்ந்த ஊர்வனக் குலங்கள் அந்தக் காலப்பகுதியின் முடிவுக்குள் மறைந்தன. இருபது மீற்றரைத் தாண்டிய அரக்க இக்தியோசோர்களும் மறைந்தன. அக்குலத்திலே அத்துணை பெரியது அதன்பின் தோன்றியதாகச் சான்றில்லை. திறந்த கடலிலே நீந்தக்கூடிய நடுத்தர இக்தியோசோர்களும் பிளீசியோசோர்களும் தப்பின.

அடுத்து வந்த யுராசிக் காலம் இவ்விரு குலங்களின் பொற்காலம். இக்தியோசோர் மீனைப்போன்ற வடிவம் பெற்றது; வாலால் உந்தி விரைந்து நீந்தியது. சிலவற்றின் கண்கள் இருபத்தைந்து சென்ரிமீற்றர் விட்டம் உடையன. மங்கிய ஒளியுள்ள ஆழத்திலே இரைதேட உதவியிருக்கும். பிளீசியோசோரோ நான்கு துடுப்புகளையும் சிறகுபோல அசைத்து நீந்தியது. எலாஸ்மோசோர் என்ற பிற்கால வகையின் கழுத்திலே எழுபத்திரண்டு முள்ளெலும்புகள்! ஒட்டகச்சிவிங்கிக்கு ஏழுதான். எலாஸ்மோசோரை முதலில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எட்வர்ட் கோப், இத்தனை நீண்ட கழுத்தை வாலென்று நினைத்து, தலையை மறுநுனியில் பொருத்திவிட்டார். பெரிய பண்டிதர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு என்று அறிந்தபோது, என் திமிங்கிலகில வெட்கம் சற்றுத் தணிந்தது.

இவை குளிர்ந்த குருதிப் பிராணிகளா? பற்களிலுள்ள ஒட்சிசன் அணுக்களின் வேறுபாட்டை அளந்து 2010 இல் வெளிவந்த ஆய்வொன்று, இவற்றின் உடல்வெப்பம் 35 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருந்திருக்கலாம் எனக் காட்டியது. ஜேர்மனியின் ஹொல்ஸ்மாடன் பகுதியிற் கிடைத்த இக்தியோசோரிலே தோலின் கீழ்க் கொழுப்புப் படையின் தடயத்தை 2018 இல் கண்டனர். திமிங்கிலத்தைப்போல இவையும் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்தன என்று கொள்ள இடமுண்டு. ஆனால் உடலைச் சூடாக வைத்திருக்க உணவு நிறைய வேண்டும். வளமான கடலிலே இது பலம். கடல் வறண்டால் இதுவே பாரம்.

ஹொல்ஸ்மாடனிலே தோலும் கருவிலிருந்த குட்டியும்கூட அழியாமல் இருப்பதற்குக் காரணம் யாது? ஏறத்தாழ 18 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், ஆபிரிக்காவின் தெற்கிலும் அந்தாட்டிக்காவிலும் நிகழ்ந்த எரிமலைப் பெருக்கினால் கடல்கள் வெப்பமடைந்து ஆழத்திலே ஒட்சிசனை இழந்தன. அடியிலே கருஞ்சேறு படிந்தது. அங்கு விழுந்த உடலைத் தின்ன எந்த உயிரும் இல்லை. எந்த நிலைமை உயிர்களைக் கொன்றதோ, அந்த நிலைமையே அவற்றின் வடிவைக் காத்து நமக்குத் தந்தது.

திருச்சிராப்பள்ளிக் கடலின் கடைசி வாரிசுகள்

என் மாணவருள் ஒருவன், "எங்கட கிணத்துக் கல்லிலை தேடினால் கிடைக்குமோ?" என்று கேட்டான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும் கடலிலே படிந்ததுதான். சிப்பிகளும் முருகைக் கற்களும் அதில் உண்டு. ஆனால் அது மயோசீன் காலத்தது. அது படிவதற்கு நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இப்பிராணிகள் மறைந்துவிட்டன. கிணறு வெட்டிக் காணமுடியாது.

ஆனால் பாக்குநீரிணைக்கு அப்பால் சான்று உண்டு. திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கிரேத்தேசியப் படைகளிலே கிடைத்த முள்ளெலும்புகளைக் கொண்டு, ரிச்சட் லைடெக்கர் 1879 இல் ஓர் இக்தியோசோருக்கு 'இந்திய' என்னும் அடைமொழியோடு பெயரிட்டார். பின்னர் அதே பகுதியிலே பற்களும் கிடைத்துள்ளன. அவற்றின் காலம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். இந்தியாவும் இலங்கையும் மடகஸ்காரோடு ஒட்டித் தென்கோளத்திலே கிடந்த காலம் அது. உலகெங்கும் இக்தியோசோர் குலத்தின் முடிவு நெருங்கிய காலமும் அதுவே. திருச்சிக் கடலில் நீந்தியவை அக்குலத்தின் கடைசித் தலைமுறைகளைச் சேர்ந்தவை எனலாம்.

ஏறத்தாழ 9 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் வாழ்ந்த இக்தியோசோர் முற்றாக ஒழிந்தது. மனித இனத்தின் வயதோ மூன்று இலட்சம் ஆண்டுகள் மட்டும். விண்கல் எதுவும் அப்போது விழவில்லை. வலிய போட்டியாளர் வந்து வென்றன என்று முன்பு சிலர் கருதினர். 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று வேறு விளக்கம் தந்தது. அக்காலத்திலே பூமியின் வெப்பமும் கடல்மட்டமும் அடிக்கடி ஏறி இறங்கின. கடல் மீண்டும் ஒட்சிசனை இழந்தது. அதேவேளையில் இக்தியோசோர்களின் கூர்ப்பு வேகம் நெடுங்காலமாகவே மந்தமடைந்திருந்தது. வகைகள் பல இருந்தன. ஆனால் மாறும் திறன் குன்றியிருந்தது. சூழல் ஓடத் தொடங்கியபோது அவை நின்ற இடத்திலேயே நின்றன. இரண்டு கட்டங்களிலே குலம் முடிந்தது.

அதன்பின்னரே மொசாசோர் தலையெடுத்தது. உடும்புக்கும் பாம்புக்கும் உறவான சிறிய பல்லிகள் கடலில் இறங்கின. ஒரு மீற்றரளவில் இருந்தவற்றின் வழியிலே பன்னிரண்டு மீற்றரைத் தாண்டும் வேட்டைப் பிராணிகள் தோன்றின. யோர்தானிலே கிடைத்து 2013 இல் விளக்கப்பட்ட ஒன்றிலே சுறாவினதைப் போன்ற வாற்செட்டையின் பதிவு இருந்தது. பல்லிகள் மூன்று கோடி ஆண்டுகளுக்குள் சுறாவின் வடிவை நாடிச் சென்றிருக்கின்றன. நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் சுரங்கத்திலே பதினெட்டாம் நூற்றாண்டிற் கிடைத்த இதன் பெருமண்டையோட்டை, 1794 இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றிப் பாரிசுக்குக் கொண்டுசென்றது. அது இன்றும் அங்குள்ள நூதனசாலையிலேதான் இருக்கிறது.

மொசாசோர் ஆட்சியும் நிலைக்கவில்லை. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் மெக்சிக்கோவின் யுகற்றான் கரையிலே ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் அகலமான விண்கல் மோதியது. எழுந்த தூசும் புகையும் சூரியனை மறைத்தன. கடலின் மேற்பரப்பிலே மிதக்கும் நுண்தாவரங்கள் மடிந்தன. அவற்றைத் தின்ற நுண்ணுயிர்கள், அவற்றைத் தின்ற மீன்கள் என்று பட்டினி படிப்படியாக மேலேறியது. உச்சியில் இருந்த மொசாசோரும் பிளீசியோசோரும் ஒழிந்தன.

தப்பியது யார்?

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். பலமுள்ளது தப்பவில்லையா? 'வலியது வாழும்' என்று நாம் சுருக்கிச் சொல்லிப் பழகிவிட்டோம். அறிஞர் சொன்னது 'தகுந்தது தப்பும்' என்பதே. தகுதி என்பது அந்தந்தச் சூழலைப் பொறுத்தது. பென்சிலை அதிகம் கூராக்கினால் எழுத்து அழகாக வரும். அந்தக் கூர்முனைதான் முதலில் முறியும். வளமான கடலுக்கென்றே கூர்மைப்பட்ட உடல், கடல் மாறியபோது முறிந்தது.

முறியாமல் வந்தவை உண்டு. கொலம்பியாவிலே கிடைத்து 2015 இல் விளக்கப்பட்ட கடலாமை 12 கோடி ஆண்டுப் பழைமையானது. இக்தியோசோரின் முடிவையும் மொசாசோரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கண்ட குலம் இது. வேகமில்லை, பெரும்பசி இல்லை, உணவின்றி நெடுநாள் தாங்கும். இவை துணைநின்றிருக்கக்கூடும் என ஆய்வாளர் கருதுவர். இன்றும் இலங்கைக் கரைகளிலே ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. பேராமையும் அழுங்காமையும் பங்குனியாமையும் நம் கடற்றொழிலாளர் பெயர் சொல்லி அறிந்தவை.

ஆனால் அந்த ஆமைக்கும் இன்று சோதனை வந்திருக்கிறது. அது குட்டி ஈனவில்லை. கரைமணலை நம்பியே இருக்கிறது. மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸுக்கு மேற் சென்றால் பெண்கள் மிகும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியிலே, இளம் பேராமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண் என 2018 இல் அறிவிக்கப்பட்டது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளியிலே மில்லியனுக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. சைபீரிய எரிமலைகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளிலே செய்ததன் சாயலை நாம் சில தலைமுறைகளில் செய்கிறோம். வெப்பம் ஆமைக்குப் புதிதன்று; இந்த வேகம் புதிது. போதாததற்கு, 2021 இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கிய பின்னர், நூற்றுக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து நம் கரைகளில் ஒதுங்கியதையும் கண்டோம்.

இவற்றையெல்லாம் வகுப்பிலே சொல்லி முடித்தேன். அந்த மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "சேர், அப்பான்ரை வலையிலை ஆமை பட்டால் வலையை அறுத்து விட்டிடுவார்" என்றான்.

"வலை நட்டமாய்ப் போகுமே, தம்பி?"

"போகும்தான். இரவிரவாய்ப் பொத்துவார். நான்தான் விளக்குப் பிடிக்கிறது. கேட்டால், 'அதுக்கும் மூச்செடுக்கவேணும்தானே' எண்டுவார்."

நேயர்களே, மூச்சைப் பற்றிய செய்தியை மனத்தில் வைத்திருக்கும்படி கேட்டிருந்தேனல்லவா? நான் ஒரு தவணை முழுதும் படித்து அறிந்ததை அந்தத் தகப்பனார் தம் தொழிலிலே அறிந்து வைத்திருக்கிறார். கடலிலே வாழ்ந்தாலும் அது மூச்செடுக்க மேலே வரவேண்டிய பிராணி. வலைக்குள் அகப்பட்டால் மூழ்கிச் சாகும். இருபத்தைந்து கோடி ஆண்டுகளாகக் கடலுக்குத் திரும்பிய ஊர்வன அனைத்துக்கும் இதுவே விதி. அந்த விதியை அறிந்த ஒருவர், தம் வலையின் கண்களை அறுத்து வழிவிடுகிறார்.

திமிங்கிலகிலத்தை எந்தக் கையும் காத்திருக்க முடியாது. அன்று மனிதர் எவருமில்லை. ஆமைக்கு இன்று அந்தக் கை இருக்கிறது. அடுத்த தவணையில் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது, கற்பனை என்று சொல்லமாட்டேன். இந்தக் கதையைச் சொல்வேன்.